ஐயா சொல்லாத சொல்

தை மாதத்தின் அந்தக் காலையில், கருவநல்லூர் மில்லைச் சுற்றிக் கைகோத்து நின்ற பனைச் சங்கத்தாரின் கைகள் பிரியாமல் போனபோது, இளவேனிலுக்கு முதலில் வந்த கவலை, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்த கஷாயத்தைப் பற்றியதாகத்தான் இருந்தது. உறுதிமொழி முடிந்ததும் ஓடிவந்து இறக்கிவிடலாம், அதற்குள் பாதியாக வற்றியிருக்கும், ஆற்றிக் கொடுத்தால் வீட்டுக்காரனின் நெஞ்சில் கட்டியிருக்கும் சளி கொஞ்சம் இளகும் என்று கணக்குப் போட்டுத்தான் அவள் வந்திருந்தாள்.

சங்கத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. தமிழ்நிலப் பஞ்சாலைத் தொழிலாளர் கழகம் என்று வாசலில் பலகையே தொங்கியது. ஆனாலும் ஊருக்கு அது பனைச் சங்கம்தான். மில் வருவதற்கு முன்பிருந்தே அந்த இடத்தில் நின்ற ஒற்றைப் பனையை வெட்டிக் கேட்டை அகலப்படுத்த வேண்டும் என்று வடக்கத்தி முதலாளி சொன்னதும், ஐயா என்று எல்லாரும் அழைத்த பெருவழுதியார் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதும், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மற்றவர்கள் நின்றதும்தான் சங்கம் பிறந்த கதை. அன்றுமுதல் மஞ்சள் துணியில் கறுப்புப் பனை அவர்களுக்குக் கொடியாயிற்று. சேருகிறவர்கள் பனையடியில் நின்று, மடித்த ஓலையில் பதநீர் குடித்து, பழைய பெயரைத் துறந்து, ஐயா வாயால் புதிய தமிழ்ப்பெயரைப் பெற்றார்கள். வசந்தா இளவேனில் ஆனதும், சுவர்ணலதா பொற்கொடி ஆனதும், விநாயகமூர்த்தி எயினன் ஆனதும் அப்படித்தான். வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, ஒருவர் ‘நிமிர்வோம்’ என்றால் மற்றவர் ‘நிற்போம்’ என்றார்கள். கல்யாணத்திலும் இழவிலும், கடன் கேட்கப் போகிற வீட்டு வாசலிலும்கூட.

ஆண்டுதோறும் சங்கம் பிறந்த நாளில் மில்லைச் சுற்றி மனிதச் சங்கிலி நடக்கும். பனையில் ஒரு கை வைத்து ஒருவர் தொடங்க, சங்கிலி மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்து, கடைசி ஆள் அதே பனையில் கை வைத்து முடிப்பார். ஐயா உறுதிமொழி சொல்லுவார், எல்லாரும் திருப்பிச் சொல்லுவார்கள், இறுதியில் ஐயா ‘கலைக’ என்பார், கைகள் பிரியும். அந்த ஒரு சொல்லை ஐயாவைத் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாது என்பது சட்டம். ஒரு வருஷம் ஐயாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அவர் வெந்நீர் குடித்துக் குரல் வந்து சொல்லும்வரை கொட்டுகிற மழையில் ஒருவர்கூடக் கையை விடாமல் நின்றார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஐயா செத்த பிறகும் வேறு ஆளைத் தேடவில்லை. அவர் குரல் கேசட்டில் இருந்தது. மைக்செட்டுக்காரன் அதை ஓடவிடுவான். செத்துப்போனவர் உறுதிமொழி சொல்லுவார், இருப்பவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள், செத்துப்போனவர் கலையச் சொல்லுவார், இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

இந்தத் தையில் ஐயா ‘நிற்போம்’ என்றார், எல்லாரும் ‘நிற்போம்’ என்றார்கள், அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றுபோயிற்று.

“ஏ மைக்செட்டு, என்னவே ஆச்சு?” என்று இளவேனிலின் வலப்பக்கத்திலிருந்து எயினன் கத்தினான். கிளைச் செயலாளர் அவன்தான்.

“டேப்பு சிக்கிட்டு அண்ணாச்சி. இடியாப்பம் மாதிரி வருது.”

நின்றார்கள். வெயில் ஏறியது. மூக்கைத் துடைக்க நினைத்த ஒருவர்தான் முதலில் கண்டுபிடித்தார், கை வரவில்லை. பசை வைத்து ஒட்டியதுபோல் இல்லை, வலிக்கவும் இல்லை. காதை இழுத்தால் தலையும் கூட வருவதுபோல், ஒரு கையை இழுத்தால் அடுத்த ஆள் வந்தார்.

“யக்கா, கைய விடு, ஒண்ணுக்குப் போணும்” என்றாள் இடப்பக்கத்துப் பொற்கொடி. கோன் வைண்டிங்கில் இளவேனிலுக்கு அடுத்த மிஷின் அவளுக்கு.

“நான் எங்கட்டி பிடிச்சேன்? நீதான் பிடிச்சிருக்க.”

“வெளையாடாத யக்கா. நெசமாவே முட்டுது.”

மாவட்டச் செயலாளர் காரில் வந்து மைக்கில் ‘கலைக’ என்றார், கலையவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு கேசட் வந்தது. அதில் ஐயா அந்தச் சொல்லைக் கணீரென்று சொன்னார், அது வேறொரு வருஷத்துக் கூட்டத்துக்குச் சொன்னது என்று கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மில் மேனேஜர் இந்தியிலும் இங்கிலீஷிலும், பிறகு யாரோ எழுதிக்கொடுத்த தமிழிலும் சொல்லிப்பார்த்தார். சட்டவிரோதமாகக் கூடியிருக்கிறீர்கள், உடனே கலைந்து போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தபோது, “அதத்தான் சார் நாங்களும் கேட்கோம்” என்று வரிசையில் ஒருவர் சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் ஊர் பழகிவிட்டது. எந்த ஊரும் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும். வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது, ஊட்டிவிட்டார்கள். நாவிதர் பனையடியில் தொடங்கிச் சவரம் செய்துகொண்டே மதிலைச் சுற்றிவந்து பனையடிக்குத் திரும்பும்போது முதல் ஆளுக்கு மறுபடி தாடி வளர்ந்திருந்தது. விடியலில் பெண்கள் பழைய சேலைகளை மறைப்பாகப் பிடித்தபடி வாளிகளோடு சுற்றிவந்தார்கள். முதலில் வெட்கப்பட்டவர்கள் பிறகு, இன்று யார் முறை, ஏன் இவ்வளவு தாமதம் என்று சண்டை போட்டார்கள். ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் குனிய வேண்டியிருந்ததால், எல்லாருமாகச் சேர்ந்து அலைபோல் உட்காரவும் அலைபோல் எழவும் கற்றுக்கொண்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பக்கமும் உடம்பு சுட்டது. ஒருவர் கெட்ட கனவு கண்டால் ஒன்பதாவது ஆள் விழித்துக்கொண்டார். மாசியில் முகூர்த்தம் குறித்திருந்த தறிமேஸ்திரி மகனுக்குக் கல்யாணமும் மதிலோரமே நடந்தது. மாப்பிள்ளை தாலியைப் பல்லால் கவ்விக் கொடுக்க, நாத்தனாரே மூன்று முடிச்சையும் போட்டாள். மினி பஸ்காரன் ‘சங்கிலி ஸ்டாப்’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

மில்லும் பழகிவிட்டது. ஒடிசாவிலிருந்து ஒப்பந்த ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதல் நாள் சங்கிலி விறைத்து நின்று அவர்களை மறித்தது. ஆனால் தூக்குச்சட்டியோடு வரும் பிள்ளைகளுக்காகவும் வாளியோடு வரும் பெண்களுக்காகவும் கைகளை உயர்த்தி வளைத்து வழிவிட்டுப் பழகியிருந்தார்கள், சின்ன வயதில் விளையாடியதுபோல. அப்படி உயர்ந்த ஒரு வளைவுக்குள் குனிந்து ஒப்பந்த ஆட்களும் உள்ளே போய்விட்டார்கள். பிறகு எந்தக் கை எதற்காக உயர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. சங்கு ஊதியது, கதிர்கள் சுழன்றன, மதிலைச் சுற்றி நின்றவர்கள் முதுகில் அந்த அதிர்வு தெரிந்தது.

எல்லார் வீட்டுக்கும் வழி பிறந்தது. இளவேனில் வீட்டுக்கு மட்டும் பிறக்கவில்லை.

அவள் வீட்டுக்காரன் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டவன். பல வருஷங்களுக்கு முன், வேலைநிறுத்தத்தின் நடுவில், பஞ்சைப் பிரித்து அடிக்கும் புளோரூமிலிருந்து புகை வருவதைப் பார்த்து, கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடி அணைத்தவன். தீ அணைந்தது, அவன் நெஞ்சு வெந்தது. ஆனால் வேலைநிறுத்தத்தின்போது கேட்டைத் தாண்டியவன் எதற்காகத் தாண்டினான் என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஐயா பனையடியில் நின்று அவன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விலக்கியதற்கு அடையாளமாகப் பனையடியில் வெற்று ஓலையைக் கவிழ்த்துவைத்தவன் அவன் சிநேகிதன் எயினன். அதன் பிறகு அவனுக்குத் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, ‘நிமிர்வோம்’ இல்லை. பழைய பெயராவது மிஞ்சியிருக்கலாம். ஆனால் ரேஷன் கடையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் திரும்பவே இல்லை, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தான். இளவேனில் சங்கத்திலேயே இருந்தாள். ஒரு வீட்டில் ஒருவருக்காவது பெயர் வேண்டும் அல்லவா.

“எயினன் அண்ணாச்சி, ஒண்ணு கேட்கட்டா?” என்றாள் அவள் ஒரு மத்தியானம்.

“கேளு தாயி. நமக்கு வேற என்ன சோலி.”

“மதினிகிட்டச் சொல்லி எங்க வீட்டுக்கு ஒரு சட்டி கஞ்சி வைக்கச் சொல்லுங்க. உள்ள போக வேண்டாம். படியில வச்சாப் போதும்.”

“எந்த வீட்டுக்கு?”

“எங்க வீடு உங்களுக்குத் தெரியாதாக்கும். அங்க வந்து சீட்டாடாத ஞாயித்துக்கிழமை உண்டா உங்களுக்கு?”

“அது அப்ப.”

“பசி அப்பவும் இப்பவும் ஒண்ணுதான அண்ணாச்சி.”

எயினன் பனையைப் பார்த்தான். “விலக்கினது ஐயா. சேக்கணும்னாலும் ஐயாதான் சேக்கணும்.”

“ஐயா செத்துப்போனாரே.”

“அதான் சொல்லுதேன். நான் என்ன செய்ய?”

அவன் முகம் கல்லாகத்தான் இருந்தது. ஆனால் அவன் நாடி அவள் உள்ளங்கைக்குள் அல்லவா துடித்துக்கொண்டிருந்தது. ஒரு மனுஷனின் கையை இவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்தால் அவன் வாய் சொல்வதை நம்ப முடியாமல் போய்விடுகிறது.

“வேற ஏதாச்சும் பேசுங்க” என்றாள் பொற்கொடி. “என் கை வரைக்கும் நடுங்குது.”

“உன் வீட்டுலயிருந்து ரெண்டு வாய் கொடுத்துவிடேன்ட்டி.”

பொற்கொடி தலை குனிந்துகொண்டாள். “என் பேரையும் வாங்கிட்டாங்கன்னா என் பிள்ளைகள யாரு கட்டுவா யக்கா?”

கடைசியில் கஞ்சி போகாத வீட்டுக்கு ரொட்டி போயிற்று. சுதாம் என்ற ஒடிசாக்காரன், இளவேனிலுக்கும் பொற்கொடிக்கும் நடுவிலுள்ள வளைவில்தான் தினமும் குனிந்து போவான். அவனுக்குச் சட்டமும் தெரியாது, ஐயாவையும் தெரியாது. பனைக்குக் கிழக்கே நீலக்கதவு வீடு என்று அவள் சொல்ல, ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“அக்கா, ஆள் இருக்கான். ரொட்டி சாப்பிட்டான். இருமல் ரொம்ப.”

“என்ன கேட்டாங்க?”

“நீ எப்ப வரும் கேட்டான். நான் தெரியாது சொன்னேன்.”

அப்படி மாசி போயிற்று. பங்குனியில் ஒருநாள் சுதாம் பெட்டியோடு வந்து, எங்களை வேறு மில்லுக்கு மாற்றிவிட்டார்கள் அக்கா என்று சொல்லி, கடைசித் தடவையாகக் குனிந்து வெளியே போனான். புதிதாக வந்தவர்களைக் கம்பெனி மதிலுக்குள்ளேயே தங்கவைத்துவிட்டது. அன்று அவள் இழுத்தாள். மாடு கயிற்றை இழுப்பதுபோல் கிழக்குப் பக்கமாகத் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். பொற்கொடி கதறினாள், எயினன் மண்ணில் விழுந்தான், மில்லின் பின்பக்கத்தில் நின்றவர்கள்வரை தள்ளாடினார்கள். சங்கிலி மட்டும் அறவில்லை. எல்லாரும் எழுந்து மண்ணை உதறக்கூட முடியாமல் நின்றபோது, யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் வாய் திறந்து எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. சங்கத்துச் சோற்றை அவள் உதட்டருகே கொண்டுவந்தவர்கள் அப்படியே கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு ஒரு வெயில் மத்தியானத்தில் அவள் வீட்டுக்காரன் வந்தான். கிழக்குத் தெருவில், ஒவ்வொரு கரண்டுக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சை வாங்கி, அடுத்த கம்பத்தைக் கண்ணால் அளந்துகொண்டு வந்தான். விலக்கப்பட்ட நாளிலிருந்து அவன் இந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை. வரிசையில் பேச்சு அடங்கியது. யாரோ, “கருங்காலி” என்று கோஷத்தைத் தொடங்கினார்கள், பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

அவன் அவள் முன்னால் வந்து நின்றான். விலா எலும்புகள் சட்டைக்குள் ஏறி இறங்கின.

“அன்னைக்கு வச்ச கஷாயம் சட்டியோட தீஞ்சுபோச்சு வசந்தா” என்றான். “பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் புகை வந்திருக்கு, யாரும் கதவத் தட்டல.” பிறகு, வேலை முடிந்து கேட்டில் காத்திருந்து கூட்டிக்கொண்டுபோகிறவன்போல், “நேரமாச்சு, வா. உலை வைக்கணும்” என்றான்.

கைகள் பிரிந்தன. சத்தம் இல்லை, காற்று இல்லை. அவள் கைகள் இரண்டும் அவளிடம் வந்துவிட்டன. உள்ளங்கை தோல் உரித்த பனங்கிழங்குபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. சங்கிலி முழுவதும் ஒரு தளர்ச்சி ஓடியது. மில்லின் பின்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்து, என்ன, என்ன என்றார்கள். ஆனால் வேறு எந்தக் கையும் பிரியவில்லை.

“யக்கா” என்று பொற்கொடி உதடு அசையாமல் சொன்னாள். “திரும்பப் பிடிச்சுக்கோ. யாரும் சரியாப் பாக்கல.”

எயினனின் வெறுங்கை அந்தரத்தில், குருடன் சுவரைத் தேடுவதுபோல் தடவிக்கொண்டிருந்தது.

அவள் வரிசையை விட்டு இறங்கினாள். தெருவில் கால் வைத்தாள். தன் கையால் தன் முகத்தைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள், அவிழ்ந்து கிடந்த கொண்டையை முடிந்தாள். எவ்வளவு பெரிய காரியம் அது. முதல் கம்பம்வரை நடந்த பிறகுதான் பக்கத்தில் மூச்சிரைப்புக் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். அவன் அந்த இடைவெளிக்கு எதிரேயே நின்றுகொண்டிருந்தான். எயினனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டுப் பிடித்த கை, பீடிக்கு நெருப்புக் கொடுத்த கை, ஓலையைக் கவிழ்த்துவைத்த கை.

“ஏங்க” என்றாள். “வாங்க. வீடு அந்தப் பக்கம் இல்ல.”

அவன் காதில் விழுந்தது, சந்தேகமில்லை. தலை லேசாக அசைந்தது. ஆனாலும் அவன் இடைவெளிக்குள் ஏறி நின்று, இடக்கையைப் பொற்கொடியிடமும் வலக்கையை எயினனிடமும் கொடுத்தான்.

“விடுங்க! அண்ணாச்சி, அவுக கைய விடுங்க!” அவள் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பக்கமும் ஆட்கள் கூடவே வந்தார்கள்.

எயினன் நெடுநேரம் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயாவைக் கேட்கிறானோ என்னவோ. பிறகு குனிந்த தலையோடு, வயிற்றிலிருந்து எதையோ பிடுங்கி எடுப்பவன்போல் சொன்னான்:

“நிமிர்வோம், வெங்கதிர்.”

அவள் வீட்டுக்காரனின் முகம் என்னவோ ஆயிற்று. இருமல் வரும் என்று நினைத்து அவள் அவன் முதுகைத் தடவப் போனாள். இருமல் வரவில்லை.

“நிற்போம்” என்றான் வெங்கதிர்.

மறுநாள் வரிசையிலேயே கமிட்டி கூடியது. அதற்கு யாரும் நடந்து வர வேண்டியிருக்கவில்லை. ஐயா இல்லாமல் பெயர் கொடுக்கத்தான் முடியாது, ஏற்கெனவே கொடுத்த பெயரைச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. சங்கிலியை விட்டு இறங்கியவளுக்குச் சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்வதற்கு ஐயா தேவையில்லை என்றும் முடிவாயிற்று. எயினனின் பெண்சாதி வெற்று ஓலை ஒன்றைக் கொண்டுவந்து பனையடியில் கவிழ்த்தாள்.

விலக்கப்பட்டவள் தினமும் தூக்குச்சட்டியோடு வருகிறாள். வழியில் யாரும் அவளிடம் பேசுவதில்லை. கடையில் சாமானைப் பலகையில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். பொற்கொடி அவளைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள், திருப்பிய பக்கத்தில் கண்ணைத் துடைக்க அவளுக்குக் கையில்லை. தூக்குச்சட்டியோடு வந்தவள் கஷாயத்தை ஆற்றி வெங்கதிரின் வாயில் ஊற்றுவாள், சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள், அவன் மென்று விழுங்கும்போது அவள் தொண்டையும் அசையும். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால், பொதுவாகக் காற்றைப் பார்த்து, பரவாயில்லை என்பான். விலக்கப்பட்டவளிடம் நேராகப் பேசக் கூடாது. அவனுக்கு அந்தச் சட்டம் மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும்.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒவ்வொரு சாயங்காலமும் அவள் அவன் எதிரே வந்து நிற்பாள்.

“நேரமாச்சு, வாங்க. உலை வைக்கணும்.”

ஒன்றும் நடக்காது. சித்திரையில் ஒருநாள், மதிலின் நிழல் தெருவில் இறங்கியிருந்த நேரத்தில், அவள் அவன் காதருகே குனிந்தாள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை படித்தது, ஒரு பெண்சாதி வாயால் சொல்லக் கூடாதது, இத்தனை வருஷத்தில் தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்காதது.

“பாஸ்கரன்” என்றாள்.

அவன் விரல்கள் நெகிழ்ந்தன. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எயினனின் விரல்களுக்கிடையே வெளிச்சம் புகுந்தது. அவன் கண் மெல்ல அவள் பக்கம் வந்தது, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன் கண்போல.

அப்போது எயினன், கோபம் இல்லாமல், அதட்டல் இல்லாமல், விழுந்துவிடுவோமோ என்று பயந்தவன்போல் தாழ்ந்த குரலில், “வெங்கதிர்” என்றான்.

அவன் எயினன் பக்கம் திரும்பினான்.